இருப்புப்பாதையின் காவலர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்

இரயிலில் ஏறாத குடும்பம் இன்று நம்மிடையே இல்லை. பிள்ளைகளின் படிப்பு, உறவினர் இல்லத் திருமணம், யாத்திரை, பணிமாற்றம் என ஏதேனும் ஒரு காரணத்தால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரயிலில் செல்கிறோம். அவ்வாறு செல்லும்போது பெட்டியின் உட்புறத்தில் சன்னலுக்கு மேலே அமைந்துள்ள அபாயச் சங்கிலியை அனைவரும் கண்டிருப்போம். அதனை இழுத்தால் வண்டி நிற்கும் என்பதும், காரணமின்றி இழுத்தால் தண்டனை உண்டு என்பதும் சிறுவர்களுக்கும் தெரியும். ஆனால் அது எவ்வாறு வண்டியை நிறுத்துகிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

சங்கிலியை இழுத்தவுடன் பெட்டியின் அடியில் ஓடும் பிரேக் குழாயின் வால்வு ஒன்று திறக்கிறது. குழாயில் அடைபட்டிருந்த அழுத்தக் காற்று வெளியேறுகிறது. காற்று வெளியேறியதும் பிரேக் கட்டைகள் சக்கரங்களைப் பற்றுகின்றன. காற்றைச் செலுத்தி வண்டியை நிறுத்துவதுதானே இயல்பு? இங்கோ காற்றை இழப்பதால் வண்டி நிற்கிறது. தலைகீழாகத் தோன்றும் இவ்வமைப்புக்குள் ஆழ்ந்த அறிவு ஒன்று பொதிந்திருக்கிறது. அதனை உலகுக்கு அளித்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ஆவார். மின்சார உலகில் அவர் பெயர் பெரிதும் பேசப்படுகிறது. எனினும் அவருடைய முதற்காதலும் இறுதிவரை அவரைக் கைவிடாத துணையும் இருப்புப்பாதையே ஆகும்.

பிறப்பும் இளமையும்

வெஸ்டிங்ஹவுஸ் 1846ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த சென்ட்ரல் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த பத்து மக்களுள் இவர் எட்டாமவர். தந்தையாரின் பெயரும் ஜார்ஜ் என்பதே. அவர் கதிரடிக்கும் எந்திரங்களையும் பிற வேளாண் கருவிகளையும் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்தார். 1856இல் குடும்பம் ஸ்கெனக்டடி நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தையார் நடத்திய பட்டறையே சிறுவனுக்கு உண்மையான பள்ளிக்கூடமாயிற்று. ஏட்டுக்கல்வியில் மனம் பதியாத அவருக்குக் கடைசல் எந்திரமும் உளியும் உலைக்களமும் இனித்தன.

அவருடைய இளமையில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. வயது நிரம்பாத நிலையிலேயே படையிற் சேர முயன்ற அவரைப் பெற்றோர் மீட்டு வந்தனர். பின்னர் அவர்களுடைய இசைவுடன் 1863இல் குதிரைப்படையிற் சேர்ந்தார். 1864இன் இறுதியில் கடற்படைக்கு மாறி நீராவிக் கப்பலில் துணைப் பொறியாளராகப் பணிபுரிந்தார். அப்போரில் அவருடைய தமையன் ஒருவர் உயிர் நீத்தார். போர் முடிந்து 1865இல் வீடு திரும்பியபோது அவருக்கு வயது பத்தொன்பது கூட நிறையவில்லை. யூனியன் கல்லூரியிற் சேர்ந்தார். முதற்பருவம் முடிவதற்குள்ளேயே விலகித் தந்தையாரின் பட்டறைக்குத் திரும்பினார். அதே ஆண்டில் சுழல்முறை நீராவி எந்திரம் ஒன்றுக்குத் தம் முதற் காப்புரிமையைப் பெற்றார்.

அக்காலத்து இரயில்கள் அடிக்கடி தடம் புரண்டன. ஒரு பெட்டியை மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றப் பலர் நெம்புகோல்களுடன் நெடுநேரம் போராட வேண்டியிருந்தது. இதனை நேரிற் கண்ட வெஸ்டிங்ஹவுஸ், தடம் புரண்ட பெட்டியைச் சாய்வான துணைத் தண்டுகளின் வழியே இழுத்து ஏற்றும் எளிய கருவி ஒன்றை உருவாக்கினார். தண்டவாளங்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் விரைவில் தேய்ந்துபோகும் உறுப்பை நெடுநாள் உழைக்கும்படி திருத்தியமைத்தார். இருப்புப்பாதைத் துறைக்குள் அவர் நுழைந்தது இவ்வாறுதான். 1867இல் மார்கரெட் எர்ஸ்கின் வாக்கர் என்னும் நங்கையை மணந்தார். அவரை முதன்முதலிற் சந்தித்ததும் ஓர் இரயில் பயணத்தில்தான் என்பர்.

கண்முன் நிகழ்ந்த பாடம்

ஒருநாள் ஸ்கெனக்டடிக்கும் டிராய் நகருக்கும் இடையே அவர் பயணம் செய்தபோது வழியில் வண்டி நீண்டநேரம் நின்றுவிட்டது. முன்னே இரண்டு சரக்கு வண்டிகள் நேருக்கு நேர் மோதிக் கிடந்தன. வானம் தெளிவாக இருந்தது. பாதை நேராக இருந்தது. ஓட்டுநர் இருவரும் ஒருவர் வண்டியை மற்றவர் நன்றாகவே கண்டிருந்தனர். ஆயினும் மோதல் நிகழ்ந்தது. கண்டும் நிறுத்த முடியவில்லை என்பதே அதன் காரணம்.

அந்நாளில் வண்டியை நிறுத்தும் முறை இன்று கேட்போரைத் திடுக்கிடச் செய்யும். ஓட்டுநர் ஊதல் ஒலித்து அறிவிப்பார். உடனே பிரேக்மேன் எனப்பட்ட தொழிலாளர்கள் பெட்டிக்குப் பெட்டி ஓடி, அங்கங்கே பொருத்தப்பட்டிருந்த கைச்சக்கரங்களைத் திருகி, ஒவ்வொரு பெட்டியாக நிறுத்த முயல்வர். சரக்கு வண்டிகளில் இச்சக்கரங்கள் கூரையின்மேல் இருந்தன. ஓடும் வண்டியின் கூரையில், மழையிலும் உறைபனியிலும் இருளிலும், ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவிச் செல்லவேண்டும். கால் வழுக்கினால் கீழே சக்கரங்கள். ஆண்டுதோறும் எத்தனையோ தொழிலாளர்கள் இவ்வாறு மாண்டனர். கை கால் இழந்தோர் அவர்களினும் பலர். இரயில் நடத்துவதென்றால் இவையெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று முதலாளிகள் மட்டுமன்றிப் பொதுமக்களும் எண்ணியிருந்த காலம் அது.

அந்த எண்ணத்தை வெஸ்டிங்ஹவுஸ் ஏற்கவில்லை. ஓட்டுநர் ஒருவரே, தாம் நிற்கும் இடத்திலிருந்தே, வண்டி முழுவதையும் நிறுத்த வழி காணவேண்டும் என்று உறுதிகொண்டார். முதலிற் சங்கிலியைப் பெட்டிகளின் அடியில் ஓடவிட்டு இழுக்கும் முறையை எண்ணிப் பார்த்தார்; நீண்ட வண்டிக்கு அது பயன்படாது என்று கண்டார். அடுத்து நீராவியைக் குழாய் வழியே செலுத்தலாமா என்று ஆராய்ந்தார். குளிரில் அது வழியிலேயே நீராகிவிடும் என்று உணர்ந்தார். இந்நிலையில், இதழ்களுக்குச் சந்தா சேர்க்க வந்த இளம்பெண் ஒருவரிடம் இரக்கங்கொண்டு அவர் சந்தா கட்டியதாகவும், அவ்விதழிலேயே தமக்கு வேண்டிய விடையைக் கண்டதாகவும் கூறுவர். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் சுரங்கப்பாதைப் பணியில், அழுத்தப்பட்ட காற்றை நெடுந்தொலைவு குழாய்வழி கொண்டுசென்று துளையிடும் எந்திரங்களை இயக்குகின்றனர் என்பதே அச்செய்தி. காற்று குளிரில் உறைவதில்லை, எங்கும் கிடைப்பது, விலையற்றது. மலையைக் குடையும் காற்று வண்டியை நிறுத்தாதா?

முதற்சோதனை

பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்த வெஸ்டிங்ஹவுஸ் தம் கருத்தை ஏற்பவரைத் தேடி அலைந்தார். காற்றைக் கொண்டு இரயிலை நிறுத்துவதா என்று நகைத்தவர்களே மிகுதி. இறுதியில் ரால்ப் பேகலி என்னும் நண்பர் பொருளுதவி செய்தார். பேன்ஹேண்டில் என வழங்கிய இருப்புப்பாதையின் அதிகாரிகள் ஓர் எஞ்சினையும் நான்கு பெட்டிகளையும் சோதனைக்கு அளித்தனர். ஆனால் கருவிகளைப் பொருத்தும் செலவும் சேதம் நேர்ந்தால் அதன் பொறுப்பும் அவரையே சாரும் என்றனர்.

சோதனை நாளில் வண்டி பிட்ஸ்பர்க் நிலையத்தை விட்டுப் புறப்பட்டுச் சிறிய குகைப்பாதை ஒன்றைக் கடந்து வெளிப்பட்டது. டேனியல் டேட் என்பவர் ஓட்டுநர். பாதை தெருவைக் கடக்கும் இடத்தில் குதிரைவண்டி ஒன்று குறுக்கே வந்ததை அவர் கண்டார். வண்டிக்காரர் மிரண்ட குதிரைகளை அடிக்க, அவை துள்ள, அவர் தண்டவாளத்தின்மீதே விழுந்தார். டேட் புதிய பிரேக்கின் கைப்பிடியைத் திருப்பினார். பெட்டிகளில் இருந்த விருந்தினர் இருக்கைகளிலிருந்து முன்னே தள்ளப்பட்டனர். வண்டி, விழுந்தவருக்குச் சில அடிகளுக்கு முன்னே நின்றது. திட்டமிட்ட சோதனை தொடங்குவதற்கு முன்னரே ஓர் உயிர் காக்கப்பட்டது. விருந்தினர்க்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

1869ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் காற்று பிரேக்குக்கான காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் நிறுவனம் தோன்றியது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

குறையை ஒப்புக்கொண்ட அறிஞர்

வெற்றி பெற்றவர்கள் பெரும்பாலும் தம் படைப்பின் குறையைப் பிறர் சுட்டினால் வெகுள்வர். வெஸ்டிங்ஹவுஸ் அவ்வாறானவர் அல்லர். 1871இல் தம் பிரேக்கை அறிமுகப்படுத்த இங்கிலாந்து சென்றபோது, அங்கிருந்த பொறியியல் இதழாளர் ஒருவர் கடுமையான நிபந்தனை ஒன்றை முன்வைத்தார். வண்டி நடுவில் அறுந்து இரண்டாகப் பிரிந்தால் என்ன ஆகும் என்பதே அவர் எழுப்பிய ஐயம். முதலில் அமைத்த முறையில் எஞ்சினிலிருந்து காற்று சென்றால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் வெடித்தாலோ வண்டி பிரிந்தாலோ காற்று வீணாகிவிடும். மிக வேண்டிய வேளையில் பிரேக் செயலற்றுப் போகும். வினா நேர்மையானது என்பதை வெஸ்டிங்ஹவுஸ் ஏற்றார். நன்றாக விற்பனையாகிக்கொண்டிருந்த தம் படைப்பைத் தாமே பழையதாக்கும் வேலையில் இறங்கினார்.

1872இல் அவர் உருவாக்கிய தானியங்கிக் காற்று பிரேக், முறையை முற்றிலும் தலைகீழாக்கியது. ஒவ்வொரு பெட்டியிலும் துணைக்காற்றுக் கலம் ஒன்று வைத்தார். வண்டி நெடுக ஓடும் குழாயில் எப்போதும் அழுத்தக் காற்று நிரம்பியிருக்கும். அது கலங்களையும் நிரப்பி வைக்கும். குழாயில் அழுத்தம் குறைந்தால், மூவழி வால்வு எனப்படும் நுண்ணிய உறுப்பு அதனை உணர்ந்து, அந்தந்தப் பெட்டியின் கலத்திலுள்ள காற்றைப் பிரேக் உருளைக்குள் திறந்துவிடும். குழாயில் மீண்டும் அழுத்தம் ஏறினால் பிரேக் விடுபடும். கலமும் மறுபடி நிரம்பும். நிரப்புதல், பிடித்தல், விடுதல் ஆகிய மூன்றையும் ஒரே வால்வு செய்தது.

இதன் சிறப்பு என்னவெனில், கருவி கெட்டாலும் அது பாதுகாப்பின் பக்கமே சாயும் என்பதாகும். குழாய் அறுந்ததா? வண்டி நிற்கும். பெட்டிகள் பிரிந்தனவா? பிரிந்த இரு பகுதிகளும் தாமே நிற்கும். பயணி சங்கிலியை இழுத்தாரா? அப்போதும் நிற்கும். மனிதன் தவறுவான், பொருள் தேயும், குழாய் கிழியும் என்று முன்னரே ஏற்றுக்கொண்டு, அத்தவறு உயிரைப் பறிக்காதவாறு அமைப்பதே பாதுகாப்புப் பொறியியலின் தலையாய விதி. அவ்விதியை இரயில் உலகம் நடைமுறையிற் கற்றதில் இக்கருவிக்குப் பெரும்பங்கு உண்டு.

அதனைக் கல்லாதவர் கொடுத்த விலையும் பெரிது. 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே, ஞாயிறு பள்ளிச் சிறுவர்களும் பெற்றோரும் நிறைந்த சுற்றுலா வண்டி ஒன்று மேட்டில் ஏற முடியாமல் நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்து முன்பகுதியை மட்டும் முதலில் இழுத்துச் செல்ல முடிவு செய்தனர். அவ்வண்டியில் இருந்தது தானியங்கி அல்லாத பிரேக். பிரித்தவுடன் பின்பகுதிக்கு அது இல்லாமற் போயிற்று. கைப்பிரேக்கும் சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களும் தாங்கவில்லை. பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, பின்னே வந்துகொண்டிருந்த வண்டியின்மீது மோதின. ஏறத்தாழ எண்பது பேர் மாண்டனர். அவர்களுட் பலர் குழந்தைகள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பயணி வண்டிகளில் தானியங்கித் தொடர் பிரேக்கைக் கட்டாயமாக்கியது. பதினேழு ஆண்டுகளாக உலகில் இருந்துவந்த மருந்து, இத்தனை உயிர்கள் போன பின்னரே எல்லார்க்கும் உரியதாயிற்று.

பர்லிங்டனில் தோல்வியும் வெற்றியும்

பயணி வண்டிகளில் வெற்றிகண்ட பிரேக், நீண்ட சரக்கு வண்டிகளில் இடர்ப்பட்டது. 1886, 1887ஆம் ஆண்டுகளில் அயோவா மாநிலத்தின் பர்லிங்டன் நகருக்கு அருகே ஐம்பது பெட்டிகள் கொண்ட வண்டிகளில் பல நிறுவனங்களின் பிரேக்குகள் சோதிக்கப்பட்டன. முன்பெட்டிகளில் பிரேக் பிடித்துச் சில நொடிகள் கழித்தே பின்பெட்டிகளுக்கு அச்செய்தி எட்டியது. அதற்குள் பின்பெட்டிகள் முன்னவற்றின்மீது பேரதிர்ச்சியுடன் இடித்தன. காற்று மட்டும் போதாது, மின்சாரத்தின் துணை வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது.

வெஸ்டிங்ஹவுஸ் சோர்வடையவில்லை. சில மாதங்களுக்குள் மூவழி வால்வைத் திருத்தி அமைத்தார். அவசர வேளையில் ஒவ்வொரு பெட்டியின் வால்வும் தன்னருகே உள்ள குழாய்க் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அழுத்தக் குறைவு ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு அஞ்சலோட்டம் போல விரைந்து பரவும். ஐம்பதாவது பெட்டிக்கும் ஏறத்தாழ இரண்டு நொடிகளில் செய்தி எட்டியது. 1887இல் ஐம்பது பெட்டி வண்டி ஒன்றை ஊர் ஊராகக் கொண்டுசென்று இதனை மெய்ப்பித்துக் காட்டினார்.

கருவி கிடைத்தது, எனினும் முதலாளிகள் செலவுக்கு அஞ்சினர். பிரேக்மேன்களின் உயிரைவிடப் பிரேக்கின் விலை பெரிதாகத் தோன்றியது. அயோவாவைச் சேர்ந்த லாரன்சோ காஃபின் என்னும் பெரியார், தொழிலாளர் படும் துயரைக் கண்டு உள்ளம் வெதும்பி, ஆண்டுக்கணக்கில் ஊர்தோறும் சென்று பேசினார், எழுதினார், சட்டமன்ற வாயில்களில் நின்றார். அதன் பயனாக 1893ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் இரயில் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஓட்டுநரால் இயக்கப்படும் தொடர் பிரேக்கும், பெட்டிகளுக்கு நடுவே மனிதன் நுழையாமலே இணைக்கும் தானியங்கி இணைப்பும் கட்டாயமாயின. காலக்கெடு நீட்டிக்கப்பட்டு 1900இல் அச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அறிவு கண்டதை அறம் நடைமுறைப்படுத்த வேண்டியிருந்தது. ஒருவர் கருவியைத் தந்தார். மற்றொருவர் அதனைப் பயன்படுத்தும் மனத்தைத் தந்தார்.

சிக்னல் துறையில்

வண்டியை நிறுத்தும் ஆற்றல் மட்டும் போதாது. எப்போது நிறுத்தவேண்டும் என்பதும் ஓட்டுநர்க்குத் தெரியவேண்டும். முன்னே பாதையில் வண்டி இருக்கிறதா என்பதைக் கைகாட்டியே அறிவிக்கவேண்டும். இதற்கு வழி கண்டவர் வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர். அவர் 1872ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் காப்புரிமை பெற்ற தண்டவாள மின்சுற்று, இன்றளவும் சிக்னல் துறையின் அடித்தளங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

அதன் அமைப்பு எளியது. பாதையின் ஒரு பகுதியை மின்காப்பிட்டுத் தனியாக்குவர். அதன் ஒரு முனையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே மின்கலத்தையும், மறுமுனையில் ரிலே எனப்படும் மின்காந்த உறுப்பையும் இணைப்பர். பாதை காலியாக இருந்தால் மின்னோட்டம் தண்டவாளங்களின் வழியே சென்று ரிலேயை ஈர்த்து வைத்திருக்கும். கைகாட்டி செல்லலாம் என்று காட்டும். வண்டி அப்பகுதிக்குள் நுழைந்ததும் அதன் சக்கரங்களும் அச்சும் மின்னோட்டத்துக்குக் குறுக்குவழி அமைத்துவிடும், ரிலே விழும், கைகாட்டி அபாயம் காட்டும். மின்கலம் தீர்ந்தாலோ, கம்பி அறுந்தாலோ, தண்டவாளமே முறிந்தாலோ, அப்போதும் ரிலே விழும்; அபாயமே காட்டப்படும். ராபின்சன் முதலில் அமைத்த சுற்று இதற்கு மாறானது. வண்டி வந்தால்தான் மின்னோட்டம் பாயும். கம்பி அறுந்தால் அது பொய்யாகப் பாதை காலி என்று காட்டிவிடும் என்பதை உணர்ந்து அவரே அதனை மாற்றினார். வெஸ்டிங்ஹவுஸ் காற்றில் கண்ட அதே உண்மையை, அதே ஆண்டில், ராபின்சன் மின்சாரத்திற் கண்டார்.

இதன் அருமையை உணர்ந்த வெஸ்டிங்ஹவுஸ் 1881இல் ராபின்சனின் நிறுவனத்தையும், பாயிண்ட்களையும் கைகாட்டிகளையும் பிணைத்து இயக்கும் இண்டர்லாக்கிங் நிறுவனம் ஒன்றையும் இணைத்து யூனியன் சுவிட்ச் அண்டு சிக்னல் நிறுவனத்தை உருவாக்கினார். இண்டர்லாக்கிங் என்பது, ஒன்றுக்கொன்று முரணான இரு பாதைகளுக்கு ஒரே வேளையில் அனுமதி தர முடியாதபடி லீவர்களை ஒன்றோடொன்று பூட்டிவைக்கும் முறையாகும். இங்கிலாந்தின் ஜான் சாக்ஸ்பி 1856இல் இத்துறையில் முதற் காப்புரிமை பெற்றவர். நீண்ட இரும்புத் தண்டுகளைக் கையால் இழுத்துப் பாயிண்ட்களைத் திருப்புவது கேபின் ஊழியர்க்குக் கடும் உழைப்பாக இருந்தது. வெஸ்டிங்ஹவுஸ் அழுத்தக் காற்றைக் கொண்டு பாயிண்ட்களையும் கைகாட்டிகளையும் நகர்த்தி, அக்காற்றை மின்சாரத்தால் கட்டுப்படுத்தும் முறையை வளர்த்தார். சிறு லீவர் ஒன்றை அசைத்தால் தொலைவிலுள்ள கனத்த பாயிண்ட் திரும்பியது. நகரங்களின் பெரிய இரயில் நிலையங்களில் ஏராளமான வண்டிகளை நெருக்கமாகவும் அச்சமின்றியும் இயக்க இது வழிவகுத்தது.

மின்சாரமும் ஒரு மாசும்

சிக்னல் பணியே அவரை மின்சாரத்தின்பால் ஈர்த்தது. 1886இல் மின்சார நிறுவனம் தொடங்கினார். நெடுந்தொலைவு செல்லவல்ல மாறுதிசை மின்னோட்டமே எதிர்காலத்துக்கு உரியது என்று கண்டு, 1888இல் நிக்கோலா டெஸ்லாவின் காப்புரிமைகளைப் பெற்றார். ஒருதிசை மின்னோட்டத்தை ஆதரித்த எடிசனின் தரப்பினர், மாறுதிசை மின்னோட்டம் கொலைக்கருவி என்று பரப்பினர். ஹரால்டு பிரௌன் என்பவர் அதனை மெய்ப்பிப்பதாகக் கூறி, 1888இல் வாயில்லா நாய்களைப் பொதுமக்கள் முன்னிலையில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார். போட்டிக்காக உயிர்களைப் பலியிட்ட அச்செயல் அறிவியல் வரலாற்றில் நீங்காத மாசாகும். அதனோடு நில்லாமல், மரண தண்டனைக்கான மின்நாற்காலிக்கு வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் எந்திரங்களையே, அவர் விருப்பத்துக்கு மாறாக, வேறு வழியில் வாங்கிப் பொருத்தினர். 1890ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் ஆபர்ன் சிறையில் முதல் மின்தண்டனை நிறைவேறியது. விழுந்து கிடந்த ஒரு வண்டிக்காரரைக் காத்ததில் தொடங்கிய பெயர், ஒருவரைக் கொல்லும் கருவியோடு இணைத்துப் பேசப்பட்டது. அவருக்கு இது எத்துணை வேதனை தந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அவர் வசைக்கு வசையாக விடை சொல்லவில்லை. பணியால் விடை சொன்னார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியை அவருடைய மின்விளக்குகள் ஒளிரச் செய்தன. 1896இல் நயாகரா அருவியின் ஆற்றல் அவருடைய மின்னாக்கிகளின் வழியே மின்சாரமாகிப் பஃபலோ நகரை அடைந்தது. அவருக்கு வழங்கப்பட்ட 1911ஆம் ஆண்டுக்குரிய பொறியியல் பதக்கம் எடிசன் பெயரையே தாங்கியிருந்தது காலத்தின் விந்தை எனலாம்.

தொழிலாளர் தோழர்

வெஸ்டிங்ஹவுஸ் தம் தொழிலாளர்களிடம் காட்டிய பரிவு குறிப்பிடத்தக்கது. வாரம் ஆறு முழுநாளும் உழைப்பதே வழக்கமாயிருந்த நாளில் சனிக்கிழமை பிற்பகலை ஓய்வாக அளித்தார். 1890ஐ ஒட்டிப் பிட்ஸ்பர்க்குக்கு அருகே வில்மெர்டிங் என்னும் இடத்தில் பிரேக் தொழிற்சாலையை அமைத்தபோது, தொழிலாளர் குடியிருக்கத் தோட்டத்துடன் கூடிய வீடுகளையும் அமைத்தார். நிழற்படம் எடுத்துக்கொள்வதிலும் தம்மைப் பற்றிப் பேசுவதிலும் விருப்பமில்லாதவர். தம்மைப் பற்றிய குறிப்புகளை அவர் மிகுதியாக விட்டுச் செல்லவில்லை.

1907இல் அமெரிக்காவைத் தாக்கிய நிதி நெருக்கடியில் அவருடைய மின்சார நிறுவனம் கடனில் அமிழ்ந்தது. தாம் தோற்றுவித்த நிறுவனத்தின்மீது தமக்கிருந்த ஆட்சியை இழந்து, 1911இல் அதனின்று முற்றிலும் விலகினார். ஆனால் இளமையில் தோற்றுவித்த ஏர் பிரேக் நிறுவனம் அசையாது நின்றது. வாழ்நாளில் 361 காப்புரிமைகளைப் பெற்ற அவர், 1914ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் நியூயார்க் நகரில் இதயநோயால் காலமானார். சில மாதங்களுக்குள் மனைவியாரும் மறைந்தார். முன்னாள் போர்வீரர் என்ற முறையில் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவருக்கு இடம் கிடைத்தது. மனைவியாரும் அங்கேயே அவரருகில் அடக்கம் செய்யப்பட்டார். 1930ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், அவருடைய பிறந்தநாளில், பிட்ஸ்பர்க்கின் ஷென்லி பூங்காவில் நினைவுச்சின்னம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கான பொருளை வழங்கியவர்கள் பல்லாயிரக்கணக்கான தொழிலாளர்களே.

நாம் பெறும் பாடம்

நம் நாட்டு இரயில்களில் நெடுங்காலம் வெற்றிட பிரேக் வழங்கியது. அதுவும் கெட்டால் நிற்கும் என்ற அதே கொள்கையைத் தழுவியதே. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து படிப்படியாகக் காற்று பிரேக் அதன் இடத்தைப் பெற்றது. சாக்ஸ்பி, வெஸ்டிங்ஹவுஸ் ஆகிய இருவர் பெயர்களையும் இணைத்துத் தாங்கிய நிறுவனம் ஒன்று கல்கத்தாவில் நம் இருப்புப்பாதைகளுக்குரிய பிரேக், சிக்னல் கருவிகளைச் செய்து வந்தது. ஆகவே அவருடைய உழைப்பின் பயனை நாமும் நம் பெற்றோரும் அறியாமலே நுகர்ந்து வந்திருக்கிறோம்.

பெரும் விபத்து நடந்தால் நாளேடுகள் எழுதும். நடக்காமற் போன விபத்தை எவரும் எழுதுவதில்லை. காக்கப்பட்டவர் தாம் காக்கப்பட்டதை அறிவதில்லை. ஆதலின் நன்றி சொல்வதுமில்லை. பாதுகாப்புத் துறையில் உழைப்போரின் நிலை இதுவே. இரவெல்லாம் கேபினில் விழித்திருப்பவரும், வெயிலில் தண்டவாளத்தைச் சோதித்து நடப்பவரும், பெட்டியின் அடியிற் படுத்துக் குழாய்களைச் சரிபார்ப்பவரும் இவ்வகையினரே. நம் இளைஞர்கள் பலர் இன்று பொறியியல் கற்கின்றனர். எவ்வளவு விரைவாக ஓடும் என்று கேட்பதோடு, கெட்டால் என்ன ஆகும் என்றும் தம் படைப்புகளைக் குறித்து அவர்கள் கேட்கவேண்டும். தம் படைப்பின் குறையைப் பிறர் சுட்டும்போது செவிசாய்க்கும் பணிவும் வேண்டும். வெஸ்டிங்ஹவுஸிடம் இவ்விரண்டும் இருந்தன.

அடுத்தமுறை வண்டி நிலையத்தில் வந்து நிற்கும்போது பெட்டியின் அடியிலிருந்து சீறிக்கொண்டு வெளியேறும் காற்றின் ஒலியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்த ஒலியின் வரலாற்றையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.